விட்ட ஊரும் பிடித்து வைத்த ஊரும்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் நாலைந்து கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவசரப்பட்டு இழுத்தால் சிக்கல்தான் இறுகும்.

அமெரிக்காவில் சில நகரங்களும் கவுன்ட்டிகளும் ‘அடைக்கல நகரம்’ என்று பெயர் எடுத்திருக்கின்றன. நாடுகடத்தப்பட வேண்டியவர் என்று மத்திய அரசு சொல்லும் ஒருவரை, கேட்டபோது ஒப்படைக்காமல், தங்கள் ஜெயிலிலிருந்து வெளியே விட்டுவிடுகின்றன. அப்படி வெளியே வந்தவரால் ஓர் உயிர் போனால், விட்ட ஊர்தானே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும்? இதுதான் உங்கள் கேள்வி. பிள்ளைகள் அங்கே வாழும் வீடுகளில் இந்தக் கேள்வி இரண்டு விதமான பயத்தோடும் கேட்கப்படுகிறது: நம் பெண்ணை யாராவது ஏதாவது செய்துவிடுவானோ என்ற பயம் ஒன்று, நம் பையனையே யாராவது தவறாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான பயம்தான். நீதிமன்றங்கள் இரண்டையும் பார்த்திருக்கின்றன. ஆனால் பேர்போன வழக்குகளில் பணம் கட்டியது விட்ட ஊர் அல்ல, பிடித்து வைத்த ஊர். இது எப்படி என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எல்லாரும் சுட்டிக்காட்டும் வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2015 ஜூலை 1, மாலை நேரம். சான் ஃபிரான்சிஸ்கோவின் கரையோரத்தில் எம்பார்கடெரோ என்ற நீண்ட சாலை. அதையொட்டிய 14-ஆம் எண் படகுத்துறையில் 32 வயதுப் பெண் ஒருவர் தன் அப்பாவோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு துப்பாக்கிக் குண்டு தரையில் பட்டுத் தெறித்து அவர் முதுகில் பாய்ந்தது. அப்பாவின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் மெக்சிகோக்காரர். அதற்கு முன் 5 முறை நாடுகடத்தப்பட்டவர்.

அந்த ஆள் மூன்று மாதங்களுக்கு முன்புவரை மத்திய அரசின் சிறையில்தான் இருந்தார். சட்டவிரோதமாகத் திரும்பி வந்ததற்கான தண்டனை. அது முடிந்ததும், ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைய கஞ்சா வழக்கு ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலுவையில் இருந்ததால், மார்ச் 26 அன்று அவரை அந்நகர ஷெரிஃபிடம் ஒப்படைத்தார்கள். அத்தனை பழைய வழக்கை யார் நடத்துவார்கள்? தள்ளுபடி ஆனது. இதற்கிடையில், ‘இவரை விடுவதற்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள்’ என்று மத்திய குடியேற்ற அமலாக்கத் துறையான ஐ.சி.இ. ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஷெரிஃப் அலுவலகம் சொல்லவில்லை. காரணம், மார்ச் 13 அன்றுதான் ஷெரிஃப் ராஸ் மிர்கரிமி ஒரு குறிப்பாணை போட்டிருந்தார்: நீதிமன்ற உத்தரவோ வாரன்டோ இல்லாமல், கைதி எப்போது விடுதலையாகிறார் என்பது போன்ற விவரங்களை ஐ.சி.இ.க்கு ஊழியர்கள் கொடுக்கக் கூடாது. ஏப்ரல் 15 அன்று அந்த ஆள் வெளியே போனார்.

ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்று இருந்திருப்பாள் என்று பெற்றவர்கள் நினைத்ததில் என்ன தவறு? அவர்கள் நகரத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2019 மார்ச் 25 அன்று ஒன்பதாவது மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்தது. மறுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். குறிப்பாணை நல்லது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ஒருவர் விடுதலையாகும் தேதியைச் சொல்லு என்று எந்த மத்திய சட்டமும் ஷெரிஃபைக் கட்டாயப்படுத்தவில்லை, எனவே சொல்வதா வேண்டாமா என்பது அவர் எடுக்கக்கூடிய கொள்கை முடிவு, கொள்கை முடிவுக்காகப் பொது ஊழியர் மீது நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று கலிஃபோர்னியாச் சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான். இந்தக் கொள்கை தவறு என்று வாதிட இடமுண்டு, ஆனால் அந்த வாதத்தை ஏற்றுச் செயல்பட வேண்டியவர்கள் மாநிலத்திலும் நகரத்திலும், வேண்டுமானால் காங்கிரஸிலும், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் என்றும் தீர்ப்பு சொன்னது. மக்கள் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள்: 2015 நவம்பர் தேர்தலில் மிர்கரிமி தோற்றுப்போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கி, சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து திருடுபோனது. குடும்பம் மத்திய அரசு மீதும் வழக்குப் போட்டது. திருட்டுக்கும் மரணத்துக்கும் நடுவே சங்கிலி மிக நீளம் என்று 2021-ல் அதுவும் தோற்றது. துப்பாக்கியை வைத்திருந்தவரைக் கொலைக் குற்றத்திலிருந்து ஜூரி 2017 நவம்பர் 30 அன்று விடுவித்தது. ஆக, ஒரு மகளை இழந்த வீட்டுக்கு நகரத்திடமிருந்தும் ஒன்றும் வரவில்லை, நாட்டிடமிருந்தும் வரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது. அதனால்தான் சட்டம் ஏன் இப்படி நிற்கிறது என்பதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் யார் யார் என்று தெளிவாக்கிக்கொள்வோம். கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அதன் ஜெயிலை நடத்துபவர் ஷெரிஃப். பெரும்பாலான இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. ஜனாதிபதிக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல. குடியேற்றச் சட்டமோ முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. விசா இல்லாமல் தங்கியிருப்பது பொதுவாகக் குற்றவியல் விஷயம்கூட அல்ல, சிவில் விஷயம் என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் அரிசோனா வழக்கில் சொல்லியிருக்கிறது.

அடைக்கல நகரம் என்றால் யாரையோ ஒளித்து வைக்கும் ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த ஊரில் கைதானாலும் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகிறது, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் தானாகவே போய்விடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அப்படித்தான், டெக்சஸிலும் அப்படித்தான். ஆள் எங்கே இருக்கிறார் என்று ஐ.சி.இ.க்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு வருவதுதான் தகராறு. ஐ-247ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. புழக்கத்தில் அதை டிடெய்னர் என்பார்கள். ‘இவர் விடுதலையாக வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம்’ என்பது அதன் சாரம். அதில் கையெழுத்துப் போடுபவர் நீதிபதி அல்ல, ஐ.சி.இ. அதிகாரி. 2017 முதல் கூடவே ஒரு வாரன்டும் வருகிறது. அதிலும் துறை அதிகாரியின் கையெழுத்துத்தான்.

டிஸ்சார்ஜ் எழுதி, பில் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நோயாளியை, ‘வேறொரு ஆபீஸிலிருந்து உங்களைப் பற்றி ஒரு சீட்டு வந்திருக்கிறது, நாளை மறுநாள் வரை வார்டில் இருங்கள்’ என்று கதவைப் பூட்டினால் எப்படி இருக்கும்? டிடெய்னரின் பேரில் பிடித்து வைப்பது அதுதான். ஜாமீன் கட்டியாகிவிட்டது, அல்லது தண்டனை முடிந்துவிட்டது. அந்த நிமிஷத்துக்குப் பிறகு உள்ளே வைத்திருப்பது புதிதாக ஒரு கைது. புதிய கைதுக்குப் புதிய சட்ட அதிகாரம் வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் கேட்பது இதைத்தான்.

பென்சில்வேனியாவில் லீஹை என்று ஒரு கவுன்ட்டி. 2008 நவம்பர் 20, வியாழக்கிழமை, ஆலன்டவுன் நகரப் போலீஸ் ஒரு கட்டுமான வேலைத்தளத்தில் சிலரைப் போதைப்பொருள் வழக்கில் கைது செய்தது. அவர்களில் ஒருவர் நியூ ஜெர்சியில் பிறந்தவர். போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். அவர் பர்ஸிலேயே டிரைவிங் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் இருந்தன. வெள்ளிக்கிழமை ஜாமீன் கட்டப்பட்டது. கிளம்பலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, உங்கள் மேல் டிடெய்னர் இருக்கிறது என்றார்கள். அவர் டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர் என்று சந்தேகமாம். நான் இந்த நாட்டுக்காரன், பர்ஸைப் பாருங்கள் என்று அவர் மன்றாடினார். வெள்ளி, சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமைதான் ஐ.சி.இ. அதிகாரிகள் வந்து பேசினார்கள், தவறு தெரிந்தது, டிடெய்னரை ரத்து செய்தார்கள். அன்று இரவுதான் வெளியே வந்தார். மூல வழக்கிலும் பின்னால் ஜூரி அவரை விடுவித்தது.

அவர் வழக்குப் போட்டபோது கவுன்ட்டி சொன்ன பதில், அரசு அலுவலகம் எதுவும் இயல்பாகச் சொல்லக்கூடிய பதில்தான்: ‘நாங்களாகவா வைத்தோம்? மத்திய அரசு சொன்னது, வைத்தோம்.’ மூன்றாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 மார்ச்சில் அந்தப் பதிலை ஏற்கவில்லை. டிடெய்னர் என்பது வேண்டுகோள், ஆணை அல்ல. அது ஆணையாக இருந்தால் அரசியல் சாசனத்துக்கே விரோதம், ஏனென்றால் உள்ளூர் அதிகாரிகளுக்கு மத்திய அரசு கட்டளை போட முடியாது. வேண்டுகோளை ஏற்று நடப்பது என்று கவுன்ட்டி வகுத்துக்கொண்ட கொள்கை கவுன்ட்டியின் சொந்த முடிவு. சொந்த முடிவுக்குச் சொந்தப் பொறுப்பு. கவுன்ட்டி 95,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இனி நீதிபதியின் உத்தரவு இல்லாமல் டிடெய்னருக்காக யாரையும் வைப்பதில்லை என்றும் கொள்கையை மாற்றியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் மொத்த விஷயமும் பிடிபடும். ‘மத்திய அரசு எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது’ என்பது அடைக்கல நகரங்களின் கேடயம். அதே வாக்கியம்தான், அடைக்கல நகரமாக இல்லாத கவுன்ட்டிக்கு எதிரான வாளும். கட்டாயம் இல்லை என்றால், செய்தவர் தானாகச் செய்திருக்கிறார் என்றுதானே பொருள்?

அந்தக் கேடயம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. குடியேற்ற வழக்கிலிருந்து வரவில்லை, துப்பாக்கி வழக்கிலிருந்து வந்தது. துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை உள்ளூர்ப் போலீஸ் தலைவர்கள் சரிபார்க்க வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இருந்த இரண்டு கவுன்ட்டி ஷெரிஃப்கள், இது எங்கள் வேலை அல்ல என்று வழக்குப் போட்டார்கள். 1997-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் பழமைவாதிகள் கொண்டாடும் நீதிபதி ஸ்கலியா. இன்று சிகாகோவும் சான் ஃபிரான்சிஸ்கோவும் கையில் பிடித்திருப்பது அந்த ஷெரிஃப்கள் ஜெயித்துக் கொடுத்த கேடயத்தைத்தான். 2025 பிப்ரவரியில் மத்திய நீதித்துறை இலினாய் மாநிலத்தின் மீதும் சிகாகோ, குக் கவுன்ட்டி மீதும் போட்ட வழக்கை, மாவட்ட நீதிபதி லிண்ட்சே ஜென்கின்ஸ் அதே ஆண்டு ஜூலை 25 அன்று தள்ளுபடி செய்தபோதும் அடித்தளம் இதுதான்.

பிடித்து வைத்ததால் அகப்பட்டுக்கொண்ட ஊர்கள் இன்னும் உண்டு. ஒரிகானில் கிளாக்கமஸ் கவுன்ட்டி ஜெயிலில் 2012-ல் ஒரு பெண் இரண்டு வாரம் இருந்தார். 500 டாலர் கட்டினால் ஜாமீன். கட்டினாலும் விட மாட்டோம் என்று ஜெயில் சொல்லிவிட்டதால் வீட்டார் கட்டவே இல்லை. 2014 ஏப்ரலில் மத்திய நீதிமன்றம் இது நான்காவது திருத்தத்தை மீறுவது என்றது. அந்தத் தீர்ப்பைக் கண்டதும் ஒரிகான் முழுவதும் ஷெரிஃப்கள் டிடெய்னரின் பேரில் ஆட்களை வைப்பதை நிறுத்தினார்கள். யாருடைய மனமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கவுன்ட்டி வக்கீல்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

ரோட் ஐலண்டில், குவாத்தமாலாவில் பிறந்து முறைப்படி அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு பெண்ணை 24 மணி நேரம் இப்படி வைத்தார்கள். 2015-ல் முதலாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், தக்க காரணம் இல்லாமல் இப்படி வைப்பது சட்டவிரோதம் என்பது எந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றது. குடியுரிமை வாங்கி நிம்மதியாக இருக்கும் நம்மவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிறந்தவர் என்று ஒரு பழைய பதிவில் இருப்பதே போதும், படிவம் கிளம்பிவிடும்.

பணத்தில் பெரியது லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி. 2010 முதல் 2014 வரையான காலத்தில் டிடெய்னர் பேரில் வைக்கப்பட்ட 18,500-க்கும் மேற்பட்டவர்கள் சார்பில் நடந்த வழக்கில், 2020-ல் அது 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வழக்குப் போட்டவர்களில் ஒரு பிரிட்டிஷ் சினிமா இயக்குநரும் இருந்தார். ஜாமீன் கட்டத் தயாராக இருந்தும் ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளே இருந்தவர். அத்தனை பணமும் அந்தக் கவுன்ட்டியின் பொதுப் பணம்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பிடித்ததற்குப் பொறுப்பு உண்டு, விட்டதற்கு ஏன் இல்லை? இது ஓரவஞ்சனை இல்லையா?

அமெரிக்கச் சட்டம் அரசு தன் கையால் செய்ததையும் மூன்றாம் மனிதர் செய்ததைத் தடுக்காமல் விட்டதையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு கடுமையாகப் பிரிக்கிறது என்பதற்கு ஒரே வழக்கு போதும். கொலராடோவில் காஸில் ராக் என்ற ஊர். பிரிந்துபோன கணவர் தன்னையும் குழந்தைகளையும் நெருங்கக் கூடாது என்று ஒரு தாய் நீதிமன்ற உத்தரவு வாங்கி வைத்திருந்தார். 1999 ஜூனில் ஒரு மாலை அந்த ஆள் மூன்று பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாய் போலீஸுக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்தார், நேரிலும் போனார். பார்க்கலாம், காத்திருங்கள் என்றார்கள். விடியற்காலையில் அந்த ஆள் போலீஸ் நிலையத்துக்கே வந்து சுட்டு, போலீஸ் குண்டில் செத்தார். வண்டிக்குள் மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிடந்தன. உத்தரவு கையில் இருந்தது. அதை அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டத்தின் வாசகமே இருந்தது. அப்படியும், போலீஸ் அதை அமல்படுத்தும் என்று எதிர்பார்க்கும் உரிமை எதுவும் அரசியல் சாசனப்படி அந்தத் தாய்க்கு இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று சொல்லிவிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்பு உடன்பாடில்லை. நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டும் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்க வேண்டும். ஆனால் அதுதான் அங்கே சட்டம். அந்தத் தாய்க்கே இல்லாத உரிமை, எந்த உத்தரவும் இல்லாத சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கில் எப்படி முளைக்கும்?

பரோல் வழக்கு ஒன்றும் இதற்கு முன்னோடி. கலிஃபோர்னியாவில் பரோலில் விடப்பட்ட ஒருவன் ஐந்து மாதம் கழித்து 15 வயதுச் சிறுமியைக் கொன்றான். விட்டவர்கள் மீது குடும்பம் தொடுத்த வழக்கு 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பரோல் முடிவுகளுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்ற மாநிலச் சட்டம் செல்லும் என்றார்கள். காரணம் கசப்பானது, ஆனால் புரிந்துகொள்ளக்கூடியது. விடப்பட்டவர் எப்போதோ செய்யக்கூடிய குற்றத்துக்கு விட்ட அதிகாரி பணம் கட்ட வேண்டும் என்றால், எந்த அதிகாரியும் யாரையும் விட மாட்டார். தண்டனை முடிந்தவன்கூட உள்ளேயே கிடப்பான்.

மறுபக்கம், உரிமையை மீறிய உள்ளாட்சி மீது வழக்குப் போட வழி செய்யும் மத்திய சட்டம் 1871-ல் பிறந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கில் கறுப்பின மக்களை கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் கொன்று குவித்தபோது உள்ளூர் அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்காகவே வந்த சட்டம் இது. கை கட்டி நின்றதற்காகப் பிறந்த சட்டம், இன்று பெரும்பாலும் கை நீட்டியதற்கு மட்டுமே பயன்படுகிறது. நகராட்சியின் கொள்கையே உரிமை மீறலுக்குக் காரணமாக இருந்தால் நகராட்சியே பொறுப்பு என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சேர்த்துக் கொடுத்தது. லீஹை கவுன்ட்டி அகப்பட்டது அந்த வழியில்தான்.

இதை மாற்றி எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. டெக்சஸ் 2017-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிடெய்னரை ஏற்க மறுக்கும் ஷெரிஃப் மீது குற்ற வழக்கு வரும், பதவி போகும். ஊருக்கு முதல் முறை 1,000 முதல் 1,500 டாலர் அபராதம். அடுத்தடுத்து 25,000-க்கு மேல். ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்கு. ரியோ கிராண்டே நதிக்கரையிலுள்ள எல் செனிசோ என்ற சின்ன ஊர் முன்னின்று வழக்குப் போட்டது. 2018-ல் ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. மத்திய அரசு கட்டளையிட முடியாதுதான், ஆனால் மாநிலம் தன் கவுன்ட்டிக்குக் கட்டளையிடலாம். மாசசூசெட்ஸில் இதற்கு நேர் எதிர்: சிவில் டிடெய்னரை மட்டும் வைத்து யாரையும் பிடித்து வைக்க எங்கள் மாநிலச் சட்டத்தில் அதிகாரமே இல்லை என்று அதன் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் சொன்னது. ஒரே படிவம், ஹூஸ்டனில் மறுத்தால் குற்றம், பாஸ்டனில் ஏற்றால் சட்டவிரோதம்.

சில சட்ட முன்வடிவுகள் நேரடியாக உங்கள் கேள்விக்கே வருகின்றன. செனட்டர் தாம் டில்லிஸ் 2019-ல் கொண்டுவந்த மசோதா, அடைக்கல நகரம் விட்ட ஒருவரால் பாதிக்கப்பட்ட குடும்பம் அந்நகரத்தின் மீதே வழக்குப் போடலாம் என்றது. பிறகும் பலமுறை கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. வட கரோலினாவில் உள்ளாட்சிகளுக்குள்ள வழக்கு விலக்கை இப்படிப்பட்ட ஊர்களுக்கு எடுத்துவிடும் மசோதாவை ஆளுநர் ஜோஷ் ஸ்டைன் 2025 ஜூனில் வீட்டோ செய்தார்.

என் கருத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ ஷெரிஃபின் குறிப்பாணை மோசமான கொள்கை. பலமுறை தண்டனை பெற்ற ஒருவர் எந்தத் தேதியில் வெளியே போகிறார் என்று சொல்வதால் யாருடைய உரிமையும் போய்விடாது. ஒரு மணி நேரம்கூட அதிகம் பிடித்து வைக்கச் சொல்லவில்லை, தேதிதான் கேட்டார்கள். அதற்கு அவர் தேர்தலில் விலை கொடுத்தது சரி. ஆனால், ஒரு பிரிவு மக்கள் செய்யும் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஊர் இன்ஷூரன்ஸ் கம்பெனிபோலப் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தால், ஜெயில் அதிகாரி அந்தப் பெயரைக் கண்டாலே, அந்த முகத்தைக் கண்டாலே, கதவைத் திறக்க மாட்டார். ஆலன்டவுனில் பர்ஸில் லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு நடந்தது எல்லா ஊரிலும் நடக்கும். அப்படி ஒரு சட்டத்தை என்னால் ஆதரிக்க முடியாது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நாடுகடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் திரும்பி வருவது மத்திய சட்டப்படி குற்றம். அதற்கு நீதிபதியிடம் வாரன்ட் வாங்கலாம். அடைக்கல நகரங்களும் நீதிபதியின் வாரன்டுக்குக் கட்டுப்பட்டவைதான், அந்தக் குறிப்பாணையிலேயே அப்படித்தான் இருந்தது. மேலும், 2015 மார்ச் 26 வரை அந்த ஆள் மத்திய அரசின் கையிலேயே இருந்தார் என்பதை மறக்காதீர்கள். பழைய கஞ்சா வழக்குக்கு அனுப்புவதற்குப் பதில் நேராக நாடுகடத்தியிருக்கலாம். அரசின் ஒரு துறை இன்னொரு துறையோடு பேசிக்கொண்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அங்கே பிள்ளைகளோ உறவினர்களோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராஃபிக் தகராறோ வீட்டுச் சண்டையோ, எதற்காகவாவது ஒருவர் கவுன்ட்டி ஜெயிலுக்குப் போய், ஜாமீன் கட்டிய பிறகும் விடவில்லை என்றால், எந்தக் காகிதத்தின் பேரில் வைத்திருக்கிறீர்கள் என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். அதில் இருப்பது நீதிபதியின் கையெழுத்தா, துறை அதிகாரியின் கையெழுத்தா என்று பாருங்கள். அந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரியுங்கள். டெக்சஸ் பதில் கலிஃபோர்னியாவுக்குப் பொருந்தாது. குடியுரிமைச் சான்றின் நகலும் பாஸ்போர்ட் நகலும் வீட்டில் இன்னொருவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜாமீன் கட்டிய ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும். எத்தனை மணி நேரம் அதிகமாக வைத்தார்கள் என்பதை நாளைக்கு நீதிமன்றத்தில் நிரூபிப்பது அந்த ரசீதுதான், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.